பாகவதர் குரல் போச்சா?

பிள்ளைச்சாவடி டீக்கடை ரேடியோவில் 'ஹரிதாஸ்' பாட்டு. "ஜெயிலுக்குப் போனதோட பாகவதர் குரல் போச்சு சார்" என்றார் ஒரு பெரியவர். நீங்களும் அப்படித்தானே கேள்விப்பட்டிருப்பீர்கள்?

உலகப்போர் நடந்த 1944-ல், தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட படம் அது. அதன் பிறகு லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது, ஆயுள் தண்டனை. 1947-ல் விடுதலை. மறுவருஷம் வந்த 'ராஜமுக்தி' பாட்டுகளைப் போட்டுக் கேளுங்கள். அதே குரல்தான். படம்தான் ஓடவில்லை.

பழிதான் காரணமா? அதே வழக்கு, அதே தண்டனை, என்.எஸ்.கிருஷ்ணனுக்கும்தான். அவரை ஜனங்கள் கைவிடவில்லையே! 1949-ல் அண்ணா எழுத்தில் 'நல்லதம்பி' கொடுத்தார். சினிமா பாட்டை விட்டுப் பேச்சுக்குத் தாவிய நேரம் அது. கலைவாணருக்குப் பேச்சுதான் தொழில். 1952-ல் 'பராசக்தி' வசனத்தை மனப்பாடம் செய்த ஜனம், அதே வருஷம் பாகவதர் பாடி நடித்த 'அமரகவி'யைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.