திறந்து வைத்த ஆய்வேடுகளும் பீடி சுற்றும் பெண்களும்

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று நெல்லைச் சீமையில் எந்தப் பக்கம் போனாலும் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனால், சரியில்லை என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசிய கூலி அங்கேயே குறைந்துபோகும். இந்தக் கழிவைப் பற்றியும், இருமலையும் முதுகுவலியையும் பற்றியும், கைக்கு வராத வைப்புநிதியைப் பற்றியும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. அவற்றால் இந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது?

முன்பெல்லாம் ஆய்வேடு நூலக அலமாரியோடு முடங்கிவிடும். மின்படியையும் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்த பிறகு, ஆய்வேடுகளைத் திறந்து வைக்கும் ‘சோத்கங்கா’ இணையத்தளத்தில் அவை குவிந்தன. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எழுதியதை அம்பாசமுத்திரத்து மாணவி செல்பேசியிலேயே காசில்லாமல் படிக்கலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போட்டாலும் தெரிந்துவிடும். இது பெரிய நன்மை. இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆய்விதழ்களின் கதை வேறு. 1994 முதல் வரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஜெண்டர் ஸ்டடீஸ்’ போன்ற மதிப்புள்ள இதழைப் படிக்கச் சந்தா வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. பீடித் தொழிலாளர் சங்கத்துக்கு எட்டாது. எல்லாரும் படிக்கட்டும் என்று திறந்த அணுக்கத்தில் வெளியிட நினைத்தால், பல பன்னாட்டு இதழ்கள் ஆய்வாளரிடமே ஆயிரக்கணக்கான டாலர் கேட்கின்றன. உதவித்தொகையில் படிக்கும் பெண் எங்கே போவாள்? சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, படித்துக்கூடப் பார்க்காமல் அச்சிடும் போலி இதழ்களின் வலையில்தான் விழுவாள்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. பாலின ஆய்வு வீட்டுக்குள்ளே போய்ப் பேசுகிற ஆய்வு. அடி உதை, கருக்கலைப்பு, சாதி மாறிய திருமணம் என்று ஒரு பெண் நம்பிச் சொன்னதை ஆய்வாளர் பெயரை மாற்றித்தான் எழுதுகிறார். ஆனால் ஊர், சாதி, வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவனின் தொழில் ஆகியவை அப்படியே இருந்தால், இருநூறு வீடுள்ள ஊரில் அவள் யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அலமாரியில் தூங்கிய காலத்தில் இது ஆபத்தாகத் தெரியவில்லை. இன்று யாரும் தரவிறக்கிப் பகிரலாம். பகிர்ந்ததைத் திரும்ப வாங்க முடியாது. சாதி மறுத்து மணந்தவர்களை வெட்டிச் சாய்க்கும் மாவட்டத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

மொழி இன்னொரு பூட்டு. தமிழில் பேசிய பெண்ணின் வாழ்க்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஆய்வேடாகிறது. கொழும்பில் பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் ‘நிவேதினி’ என்ற பாலினக் கற்கை இதழைத் தமிழிலேயே நடத்தியது. அதன் இதழ்கள் இன்று ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் எல்லாருக்கும் கிடைக்கின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆய்வேட்டைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன்பு, அதில் எந்தப் பெண்ணாவது அடையாளம் தெரிகிறாளா என்று பார்க்க ஒரு குழு வேண்டும். பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் இல்லாத ஆய்வேட்டை ஏற்கக் கூடாது. அந்தச் சுருக்கம் சங்க அலுவலகத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் போக வேண்டும். துணைவேந்தர்களும் நெறியாளர்களும் மனம் வைத்தால் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.