களரியும் கரும்பலகையும்

கூத்து இன்று நமது பாடசாலைகளில் ஒரு பாடம். நாடகமும் அரங்கியலும் கற்கின்ற மாணவன் வடமோடிக்கும் தென்மோடிக்குமுள்ள வேறுபாடுகளை நிரல்பட எழுதுகிறான். வடமோடி பெரும்பாலும் போர்க் கதைகளைக் கொள்ளும். தென்மோடி பெரும்பாலும் காதற் கதைகளைக் கொள்ளும். வடமோடி அரசன் கரப்புடுப்பு அணிவான். இவ்வளவையும் பிழையின்றி எழுதினால் அவன் நல்ல புள்ளிகளுடன் சித்தியடைவான். இரண்டு தலைமுறைகளுக்கு முன் "கூத்தாடி" என்பது ஏச்சுச் சொல். படித்தவன் வீட்டுப் பிள்ளை களரிப் பக்கம் போனால் அடி விழும். அந்நிலையை எண்ணிப் பார்க்கும்பொழுது, கூத்து கரும்பலகையில் எழுதப்படும் பொருளாகியிருப்பது பொதுமக்கள் கலைக்குக் கிடைத்த வெற்றி என்பதில் ஐயமில்லை. அவ்வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த மாணவன் கற்றுக்கொண்டது கூத்தையா, கூத்தைப் பற்றிய ஒரு பட்டியலையா என்ற கேள்வியை எழுப்பாமலிருக்க முடியாது.

அடுத்த மணி அடித்ததும் அதே மாணவன் வரலாற்றுப் பாடத்துக்குச் செல்கிறான். அங்கும் அவனுக்குப் பட்டியல்தான் காத்திருக்கிறது. அநுராதபுரத்து அரசர், பொலன்னறுவை அரசர், அவர்கள் கட்டிய குளங்கள், தாதுகோபங்கள். குளத்தைக் கட்டியவன் அரசன் என்றே அவன் படிக்கிறான். மண் சுமந்தவனைப் பற்றி ஒரு வரி இருந்தால் அது அதிர்ஷ்டம். இராஜகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது என்ற செய்தியை ஆண்டோடு மனனஞ் செய்கிறவன், அதுவரை யாருடைய தோள்கள் அந்தக் கட்டாய ஊழியத்தைச் சுமந்தன என்று கேட்பதில்லை. கேட்கும்படி அவன் பழக்கப்படுத்தப்படுவதுமில்லை. இதற்கு மாற்றாக நம்மவரிற் சிலர் எல்லாளனையும் சங்கிலியனையும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமென்கின்றனர். தமிழ் மாணவனின் பாடநூலில் தமிழ் மக்களின் வரலாற்றுக்கு உரிய இடமில்லை என்ற முறைப்பாடு முற்றிலும் நியாயமானதே. ஆனால் ஒரு முடியின் இடத்தில் இன்னொரு முடியை வைப்பதனால் மட்டும் வரலாறு மக்களின் வரலாறாகிவிடாது.

இவ்விரு வகுப்புகளையும் பிரிக்கும் சுவரை ஒரு காலத்தில் உடைத்துக் காட்டிய முயற்சி ஒன்று நம் நாட்டில் நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் நடத்திய கூத்து மீட்பு இயக்கத்தையே குறிப்பிடுகிறோம். அவருடைய ஆற்றலைப் புகழ்வோர் பலர். அவ்வியக்கம் காலூன்றி நின்ற சமூகத் தளத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, அதனோடு வளர்ந்த மத்திய மகாவித்தியாலயங்கள், பின்னர் தாய்மொழி மூலம் பல்கலைக்கழகம் வரை திறந்த வழி ஆகிய இவையெல்லாஞ் சேர்ந்தே 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் விவசாயிகளின் பிள்ளைகளைப் பேராதனைக்குக் கொண்டுவந்தன. அவர்களிற் சிலர் புத்தகப் பெட்டியோடு தாளக்கட்டையும் கால்களிற் கொண்டுவந்தார்கள். சி. மௌனகுரு அத்தகைய மாணவருள் ஒருவர். இந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் பேராசிரியரின் ஆர்வம் ஆராய்ச்சிக் கட்டுரையோடு நின்றிருக்கும்.

1962இல் கர்ணன் போர் மேடையேறியது. அதன் பின் நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்பன வந்தன. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும். பட்டம் பெறாத ஒரு கிராமத்துக் கலைஞன் மத்தளத்தோடு பல்கலைக்கழகத்தின் முற்றத்தில் நின்று "காலை இப்படி வை" என்று சொல்ல, பட்டதாரிகளாகப் போகின்றவர்கள் அப்படியே வைத்தார்கள். அறிவு மேலிருந்து கீழ்நோக்கித்தான் வரும் என்று நூறாண்டுகளுக்கு மேலாக நமக்குப் போதித்த காலனித்துவக் கல்வி முறையில் இது சிறிய காரியமன்று. அந்த மாணவர்கள் ஆட்டத்தை மட்டும் பழகவில்லை. தமது தகப்பன்மாரின் உழைப்புக்கும் ஓய்வுக்கும் நடுவே வளர்ந்த ஒரு கலை, எந்த நூலகத்துப் புத்தகத்துக்கும் தாழ்ந்ததன்று என்பதையும் பழகினார்கள்.

இன்னொரு பாடமும் அங்கே இருந்தது. அதை நமது பாடசாலைகள் இன்றும் சரிவரச் சொல்லிக் கொடுப்பதில்லை. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் மனமே 1956இல் அரங்கேறிச் சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றியது. அந்நாடகம் தன் வடிவத்தைச் சிங்கள நாடகம என்னும் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழியாகப் பிறந்தது. சிங்களக் கலையின் பெருமை மிக்க சாதனையொன்றிலே தமிழ் அண்ணாவிமாரின் அடிச்சுவடு கிடக்கின்றது. அந்தச் சாதனையே திரும்பி வந்து தமிழ்க் கூத்தை மீட்கும் முயற்சிக்கும் உந்துதலாயிற்று. தமிழ் மட்டுமே கற்கச் சட்டமியற்றாத, சிங்களம் மட்டுமே ஆள வேண்டுமென்று சட்டமியற்றிய அதே 1956ஆம் ஆண்டிலேதான் மனமே பிறந்தது என்பதையும் மாணவனுக்குச் சொல்லலாம். இரு இனங்களின் பிள்ளைகளுக்கும் இதை வரலாற்றுப் பாடமாகவே கற்பிக்கலாம். கற்பித்தால் தூய பண்பாடு என்ற கதை இரு பக்கத்திலும் சற்று ஆட்டங்காணும்.

இனி அவ்வியக்கத்தின் மறுபக்கத்துக்கு வருவோம். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஒன்றரை, இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. சுற்றியிருந்து நாற்புறமும் பார்த்த வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை வந்தது. நகரத்துச் சபையோரின் பொறுமைக்கும் சுவைக்கும் ஏற்பக் கூத்து "செம்மை" செய்யப்பட்டது. செம்மை என்ற சொல்லே நம்மை உறுத்துகிறது. செம்மையற்றது எது, அதைத் தீர்மானித்தவர் யார்?

கிராமத்திலே கூத்து என்பது ஓர் இரவின் ஆட்டமன்று. சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று மாதக் கணக்கில் ஊரே கூடி நடத்தும் காரியம் அது. வயலால் வந்தவன் இரவில் பழகுவான். பார்க்க வந்த கிழவி பிழை சொல்லுவாள். அவ்வளவும் பல்கலைக்கழக மேடைக்கு வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. மேடைக்கு வந்தது விளைபொருள். விளைவித்த முறை ஊரிலே நின்றுவிட்டது. பின்னாளில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதே குறையைச் சுட்டிக்காட்டி, சீலாமுனைக் கிராமத்திலே ஊர்க் கலைஞரோடு இருந்து கூத்தை அவர்களாகவே மீளுருவாக்கும் முயற்சியில் இறங்கினார்கள். கூத்தை மேடைக்கு ஏற்றவர்களுக்கும் களரியிலேயே புதுக்க வேண்டுமென்றவர்களுக்குமிடையில் எழுந்த விவாதம், அண்மைக் காலத்தில் நமது கலையுலகில் நடந்த பயனுள்ள விவாதங்களுள் ஒன்று. நாம் பின்னவர் பக்கமே சாய்கிறோம். ஆனால் பேராதனை முயற்சி நடந்திராவிட்டால் இவ்விவாதம் நடப்பதற்கே கூத்தின் பெயர் படித்தவர் காதில் விழுந்திராது என்பதையும் மறக்கவில்லை.

களரியையும் நாம் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அங்கேயும் சாதி இருந்தது. பறைமேளக் கூத்து ஆடியவன் தனியே ஆடினான். அவனுடைய கலை விழாக்களில் வேண்டப்பட்டது, அவனோ ஒதுக்கப்பட்டான். கூத்தின் கதைகளும் அரசர் கதைகளே. நெல் விதைக்கிறவன் நாளெல்லாம் சேற்றில் நின்றுவிட்டு இரவிலே மரத்தால் செய்த முடியைத் தரித்து அரசனாகின்றான். விடிந்ததும் மீண்டும் போடியாரின் வயலுக்குப் போகின்றான். நிலப்பிரபுத்துவத்தின் கனவை அதன் அடிமையே ஆடிக் காட்டினான் என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவோர் நம்மிடையே உண்டு. அது அவசரத் தீர்ப்பு. கர்ணனை எடுத்துக்கொள்வோம். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்பதற்காக அரங்கிலே குலம் கேட்டுத் தலைகுனிய வைக்கப்பட்டவன் அவன். அவனை ஆடுகின்றவன் ஊர்க் கோயிலின் வெளிவீதியோடு நிறுத்தப்பட்டவனாக இருந்தால், அந்தப் பாத்திரத்தின் துயரம் பழைய பாரதத்தோடு முடிவதில்லை. அதை அவன் விளங்கிக்கொள்ளுவான், சபையும் விளங்கிக்கொள்ளும். வகுப்பறையில் ஆசிரியர் அதைக் கேட்டுவைக்காவிட்டால் மாணவன் மட்டுமே விளங்கிக்கொள்ளமாட்டான்.

வகுப்பறை என்றோம். அந்த வகுப்பறைக்கே ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட சாதியினர் என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் ஒரு காலத்தில் வாங்கில் இருக்க முடியாது. நிலத்தில் இருந்தே படித்தார்கள். சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கை எழுந்து, 1930ஐ ஒட்டிய காலத்தில் அரசாங்கம் சம ஆசனத்துக்குக் கட்டளையிட்டபொழுது, அதைப் பொறாத சிலர் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அன்று சமத்துவத்தின் பக்கம் நின்றது. இன்று அதே குடாநாட்டில் வாங்கில் அமர்ந்து எழுதுகின்ற பிள்ளைக்கு, அந்த வாங்கு ஒரு போராட்டத்தின் பேறு என்பதை எத்தனை பாடசாலைகள் சொல்லியிருக்கின்றன? பள்ளி நூற்றாண்டு மலர்களைப் புரட்டிப் பார்த்தால் தாபகர், அதிபர், கிரிக்கெட் அணி எல்லாம் இருக்கும். நிலத்தில் இருந்த பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

பள்ளி மறைத்ததைக் கலை பேசிய தருணமும் நமக்கு உண்டு. அறுபதுகளின் பிற்பகுதியில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் மக்கள் தடுக்கப்பட்டார்கள். அந்த வெப்பத்திலேதான் மௌனகுருவின் சங்காரம் என்னும் கூத்து எழுந்தது. கூத்து மரபிலே வரும் அரக்கர் அங்கே சாதி பேதமாகவும் வர்க்க பேதமாகவும் வந்தார்கள். அவர்களை எதிர்த்து உழைப்பாளி மக்கள் நின்றார்கள். என். கே. ரகுநாதனின் கந்தன் கருணை அதே கோயிற் கதவைப் பற்றியது. கலைக் குறைகள் இவற்றுக்கு உண்டு. சங்காரத்திலே பாத்திரங்கள் மனிதராவதற்கு முன் கருத்துக்களாகிவிடுகின்றன என்பது நமது அபிப்பிராயம். உருவகத்துக்கு அது விதி என்று சமாதானஞ் சொல்லலாம். ஆயினும் கர்ணன் போரிலே பழகிய கால்கள் இங்கே வேறொரு போருக்கு ஆடின. வரலாறு நடந்துகொண்டிருக்கும்பொழுதே அதைக் கற்பிக்க மக்கள் கலையால் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் ஈழத்து அரங்கில் அதிகமில்லை.

இத்தனை பெரிய அனுபவத்தை நமது பரீட்சை முறை என்ன செய்திருக்கிறது? தமிழ்த் தினப் போட்டிகளிலே கூத்து நிமிடக் கணக்கில் ஆடப்படுகின்றது. உடுப்பு வாடகைக்கு வருகிறது. நடுவரின் தாளில் ஒப்பனை, தாளம், உச்சரிப்பு என்று கட்டம் கட்டமாகப் புள்ளி விழுகிறது. கல்வித் தராதரப் பத்திரமில்லாத அண்ணாவியாருக்கு ஆசிரியர் நியமனத்தில் இடமில்லை; போட்டி நெருங்கும்பொழுது அவரை அழைத்து, முடிந்ததும் ஒரு பொன்னாடையோடு அனுப்பிவிடுகிறார்கள். பேராதனையிலே ஆசானாக நின்றவர் இங்கே கைவினைஞராகக் குறுகிப்போனார். பொன்னாடையை நாம் பழிக்கவில்லை. அவருக்குச் சம்பளம் வேண்டும் என்கிறோம்.

மலையகத்துக்குப் போனால் பிளவு இன்னும் தெளிவாகத் தெரியும். மாசி மாதம் வந்தால் தோட்டத்து லயங்களின் நடுவே காமன் கூத்து தொடங்கும். பல நாட்கள் நடந்து, மதனன் எரிந்து, ரதி புலம்பி, தோட்டமே அழும். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அங்கே வாழ்கின்றன. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த மக்கள், வழியில் மாண்டவர்கள் போக எஞ்சியவர்கள், கையோடு கொண்டுவந்த சொத்து அதுதான். பாடநூலோ அவர்களுடைய வருகையைப் பெருந்தோட்டப் பொருளாதாரம் என்ற தலைப்பின் கீழ்க் கோப்பி, தேயிலை, இறப்பர் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு பந்தியில் முடித்துவிடுகிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியதை லயத்துப் பிள்ளை பாட்டனிடம் கேட்டு அறிந்த அளவுக்குப் பள்ளியிலே அறிவதில்லை. கூத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் ஒரே பாடசாலையில் இருந்தும், காமன் கூத்தை நடுவில் வைத்து இருவரும் ஒரு நாள் சேர்ந்து பாடம் நடத்தியதாக நாம் கேள்விப்படவில்லை.

2025இல் கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழுந்தபொழுது வரலாறும் அழகியலும் கட்டாயப் பாடங்களாக இருக்க வேண்டுமா என்ற விவாதமும் நாட்டில் எழுந்தது. இருக்க வேண்டும் என்பதே நமது கட்சி. எழுபதுகளின் சீர்திருத்தம் வரலாற்றைச் சமூகக் கல்விக்குள் கரைத்தபொழுது ஒரு தலைமுறை இழந்ததை நாம் அறிவோம். ஆனால் கட்டாயமாக்கு என்று கூச்சலிட்டவர்களிற் பலர், கட்டாயமாக எதைக் கற்பிப்பது என்று பேசவில்லை. அரசர் வரிசையும் மோடி வேறுபாடுமே அந்தப் பாடங்கள் என்றால், அவற்றைக் காப்பாற்றுவதற்காகத் தெருவில் இறங்க மாணவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

ஆசிரிய நண்பர்கள் பாடவிதானம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் வன்னியிலும் கூத்துக் கொப்பிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. யுத்தத்தில் எரிந்தவை, இடப்பெயர்வில் தொலைந்தவை போக மிஞ்சியவை. ஏட்டண்ணாவியார் வீட்டுக்கு மாணவரை அழைத்துச் சென்று அவற்றைப் பிரதி பண்ணச் செய்யலாம். எந்த ஆண்டு ஆடியது, யார் யார் ஆடினார்கள், யார் செலவைத் தாங்கினார்கள், யாருக்கு எந்தப் பாத்திரம் மறுக்கப்பட்டது என்று கேட்டு எழுதச் செய்யலாம். கடைசிக் கேள்விக்குச் சில வீடுகளில் உடனே பதில் வராது. மாணவர் இரண்டாம் முறையும் போகவேண்டியிருக்கும்.