குளத்தில் இறங்கிய எம்டன்

நாலு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து என் கையால் இழைத்துக் கட்டிய கப்பல், போன சனிக்கிழமை என் கண்ணெதிரே முங்கிப்போனது. நான் கரையில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கூவிக்கொண்டிருந்தேன். அழுகையில்லை சார், ஆனந்தம்! தொண்டை இன்னும் கட்டிக்கிடக்கிறது.

எங்கள் டெக்சாஸில் 1970களின் கடைசியில் பிறந்த விளையாட்டு இது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஓடிய நிஜப் போர்க்கப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை 144இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்ட வேண்டும். ரிமோட்டில் ஓடும். அதோடு நிற்காது, சுடும்! கார்பன் டை ஆக்சைடு வாயு உந்தித் தள்ள, பால்ரஸ் மாதிரி 4.5 மில்லிமீட்டர் குண்டுகள் பாய்ந்து எதிரிக் கப்பலில் ஓட்டை போடும். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே விழும் ஓட்டைக்கு 10 புள்ளி, கோட்டிலேயே விழுந்தால் 25, கீழே விழுந்தால் 50. ஓட்டை நிறைந்தால் கப்பல் நிஜமாகவே மூழ்கும்.

எந்தக் கப்பலைக் கட்டுவது என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் எம்டன் என்பது தாத்தாவின் பெயர். "எம்டன் வருது" என்று பாட்டி கிசுகிசுத்தால் போதும், பேரன் பேத்தி அத்தனை பேர் கையிலும் புத்தகம் இருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பல் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டதே, அதை விட்டுவிட்டு வேறெதைக் கட்ட?

நிஜ எம்டன் 118 மீட்டர் நீளம், என்னுடையது 82 சென்டிமீட்டர். அகலம் ஒன்பதரைகூட இல்லை. எடைதான் வேடிக்கை! நீளம், அகலம், உயரம் மூன்றும் 144இல் ஒரு பங்காகிவிடுவதால், எடை கிட்டத்தட்ட 30 லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். முழுச் சுமையோடு 4,268 டன் இருந்த கப்பல் என் உள்ளங்கையில் ஒன்றரைக் கிலோகூட வரவில்லை! அதற்குள் மோட்டார், பாட்டரி, ரிசீவர், வாயுக் குப்பி, துப்பாக்கி, உள்ளே வரும் தண்ணீரை வெளியேற்றும் பம்பு, மூழ்கினால் நூலோடு மேலே வரும் மிதவை, எல்லாம் அடங்க வேண்டும். விலா எலும்பு மாதிரி சட்டங்கள் நிறுத்தி, அதன்மேல் 0.8 மில்லிமீட்டர் பால்சா தகட்டைப் போர்த்தி ஒட்டினேன். விரலால் அழுத்தினால் நெளியும், வேண்டுமென்றேதான் அத்தனை மெல்லிசு. குண்டு துளைக்க வேண்டுமே! ஒட்டும் பசை நெடி இருக்கிறதே, ஆஹா, இப்போதுகூட மூக்கில் நிற்கிறது.

பினாங்கில் நுழையும்போது எதிரியை ஏமாற்ற எம்டன் நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கி வைத்துக்கொண்டு போனதே, அதையும் அட்டையில் செய்து சொருகினேன். சொருகிவிட்டு நடுராத்திரி தனியாகக் கைதட்டினேன்.

இப்போது நினைத்துப் பாருங்கள். காலை வெயில், பச்சைத் தண்ணீர், கரை முழுக்கப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிய ஆட்கள், எதிரே டெக்சாஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், 1.21 மீட்டர் நீளம், ஒன்பது கிலோ, என் கப்பலைப்போல ஆறு மடங்கு. "டப் டப்" என்று வெள்ளைப் புகை, தண்ணீரில் சுளீர் சுளீரென்று கோடு, ஒரு குண்டு என் பால்சாவில் "டொக்" என்று இறங்குகிறது, என் அடிவயிற்றில் இறங்கின மாதிரி இருக்கிறது, சுக்கானை ஒடிக்கிறேன், எம்டன் பம்பரமாகத் திரும்புகிறது, டெக்சாஸின் பின்பக்கத்துக்குள் புகுந்துவிட்டேன், என்னிடம் இருப்பதோ பின்னால் பார்த்த ஒரே துப்பாக்கி, முதுகைக் காட்டி ஓடிக்கொண்டே அழுத்துகிறேன், டொக், டொக், டொக், மூன்று! டெக்சாஸின் பம்பு சீறிக்கொண்டு தண்ணீர் துப்புகிறது, அடித்துவிட்டேன், எம்டன் அடித்துவிட்டது, நான் குதிக்கிறேன், பக்கத்துக் கிழவர் என் முதுகில் அறைகிறார்! குண்டு தீர்ந்ததும் "ஐந்து" என்று கத்த வேண்டும், அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் வெறுங்கையோடு களத்தில் ஓடித் தப்ப வேண்டும், அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, என் கல்யாண முகூர்த்தத்தில்கூட நெஞ்சு அப்படி அடித்ததில்லை. நாலாவது நிமிடம் பின்தளம் தாழ்ந்தது, மூக்கு தூக்கியது, குமிழி குமிழியாக ஒரு பெருமூச்சு, போய்விட்டது. மிதவை எழும்பியது. பக்கத்திலேயே நாலாவது புகைபோக்கி மட்டும் தனியே ஆடிக்கொண்டிருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கினேன். பதினான்கு ஓட்டை வழியாகவும் பூவாளி மாதிரி ஊற்றியது. ரிசீவர் நனைந்து போனது, அது கிடக்கட்டும். என்னை மூழ்கடித்தவரே ஓடிவந்து பசையும் பால்சாத் துண்டும் நீட்டினார்.

பன்னிரண்டு ஓட்டை அடைத்தாயிற்று. மீதி இரண்டும் இன்று ராத்திரிக்குள் முடிந்துவிடும், வரும் சனிக்கிழமை மறுபடி இறக்குகிறேன். வந்துவிடுங்கள், உங்களுக்கும் ஒரு கண்ணாடி எடுத்து வைக்கிறேன்.