அழகான வீடும் அதில் வளரும் பிள்ளையும்

சுவீடன் ஓவியர் கார்ல் லார்சன் 1894-இல் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்றில், அவருடைய மகன் பொந்துஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். சாப்பாட்டு மேசையில் சேட்டை செய்ததால் வரவேற்பறைக்கு அனுப்பப்பட்டவன். அவனைச் சுற்றி அறை பளிச்சென்று இருக்கிறது. வெளிர்நிறச் சுவர், கோடு போட்ட துணி, சுத்தமான தரை. தண்டனையில் இருக்கும் மகனைப் பார்த்த அப்பாவுக்கு அந்தக் காட்சியின் அழகு கண்ணில் பட்டது, வரைந்துவிட்டார். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டையே ஒரு கலைப்படைப்பாக்கும் பழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு படத்திலேயே அடங்கிவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை அடம்பிடித்த நாளையும் மறைக்காத நேர்மை ஒரு பக்கம். அந்தப் பிள்ளையின் கோபம்கூட அறையின் நிறங்களுக்கு நடுவே ஓர் அலங்காரமாகிவிட்டது இன்னொரு பக்கம்.

அந்த வீடு டாலர்னா பகுதியில், ஃபாலூன் நகருக்கு அருகிலுள்ள சுண்ட்போர்ன் என்ற ஊரில் இன்றும் இருக்கிறது. 1888-இல் கார்லின் மனைவி கரினுடைய அப்பா கொடுத்த சிறிய மரவீடு. கார்ல் ஸ்டாக்ஹோமின் ஏழைக் குடியிருப்பில், வெளிச்சமும் காற்றும் இல்லாத அறைகளில் வளர்ந்தவர். கரின் ஸ்டாக்ஹோம் கலைக்கழகத்தில் படித்த ஓவியர். பிரான்சின் கிரே கிராமத்தில் சுவீடன் கலைஞர்கள் கூடியிருந்தபோது இருவரும் பழகி, 1883-இல் மணந்தார்கள். பிள்ளைகள் எட்டு. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வீடும் அறை அறையாக வளர்ந்தது.

அக்காலத்து ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறையை எண்ணிப் பார்த்தால்தான் இவர்கள் செய்தது புரியும். கனத்த திரைச்சீலை, இருண்ட மரம், வெல்வெட் மெத்தை. விருந்தினருக்காகவே காத்திருக்கும் அந்த அறையில் பிள்ளைகளுக்கு வேலையில்லை. சுண்ட்போர்னில் திரைச்சீலைகள் மெலிந்தன, வெயில் உள்ளே வந்தது. பழைய நாற்காலிகளுக்கு வண்ணம் பூசிப் புதிதாக்கினார்கள். சாப்பாட்டு அறை பச்சையும் சிவப்புமாக மாறியது. கதவுகளில் கார்ல் குடும்பத்தாரின் உருவங்களை வரைந்தார். எந்த அறையும் பிள்ளைகளுக்கு அந்நியமாக இல்லை. விலையுயர்ந்த பொருள் குறைவு என்பதால் காவலும் குறைவு. கெட்டால் மறுபடி பூசிக்கொள்ளலாம், கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல வடிவமைப்புக் கொள்கை ஒன்றை நான் கண்டதில்லை. பொருளின் மேல் அச்சம் இல்லாத வீட்டில்தான் பிள்ளையின் மேல் கத்தலும் குறையும்.

இந்த அழகில் பெரும்பங்கு கரினுடையது. திருமணத்துக்குப் பின் அவர் ஓவியம் வரைவதை விட்டார். தறியும் ஊசியும் அவர் கைக்கு வந்தன. மேசை விரிப்பு, மெத்தை உறை, திரை, சுவரில் தொங்கும் நெசவு எல்லாம் அவருடைய வடிவங்கள். கர்ப்ப காலத்திலும் வீட்டு வேலையிலும் உடம்பை இறுக்காத தளர்ந்த உடைகளைத் தனக்கும், ஓடியாட வசதியான உடைகளைப் பிள்ளைகளுக்கும் தைத்தார். அவர் வரைந்து கொடுத்த ஆடு நாற்காலி ஒன்றைச் செய்த உள்ளூர்த் தச்சர், அதன் விநோத உருவத்துக்கு வெட்கப்பட்டு இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கினார் என்று சொல்வார்கள். நவீன அறைகலன் என்று பின்னாளில் உலகம் கொண்டாடிய எளிமைக்கு அந்த நாற்காலி முன்னோடி.

ஆனால் 1899-இல் வெளிவந்து புகழ்பெற்ற ‘எத் ஹெம்’ (ஒரு வீடு) ஓவியத் தொகுப்பின் அட்டையில் கார்லின் பெயர் இருந்தது. மழை விடாத ஒரு கோடையில், சும்மா இருக்க வேண்டாம், வீட்டின் அறைகளையே வரையுங்கள் என்று அவரிடம் சொன்னவரே கரின்தான். ஜெர்மனியில் 1909-இல் மலிவுப் பதிப்பு வந்தபோது அந்த வீடு நடுத்தரக் குடும்பங்களின் கனவாகிவிட்டது. வீட்டை நடத்தியவர், நெய்தவர், எட்டுப் பிரசவம் கண்டவர் அந்தக் கனவில் பின்னல் வேலை செய்யும் அழகான அம்மாவாக மட்டும் தெரிந்தார். 1997-இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இருவர் பெயரையும் சேர்த்தே கண்காட்சி நடத்தியது. கரின் இறந்து அப்போது ஏறக்குறைய எழுபது ஆண்டுகள்.

இது ஒரு பெண்ணுக்கு நேர்ந்த அநீதி என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. வீட்டையே கலைப்படைப்பாக்கும் பழக்கத்தின் அடிப்படைக் குறையே இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டில் அழகு ஒருநாள் வேலை கிடையாது. காலையில் நேராக்கியது மதியத்துக்குள் கலைந்துவிடும். அதைத் தினமும் மீட்டெடுக்க ஒருவர் வேண்டும். சுண்ட்போர்ன் வீட்டில் பணிப்பெண்கள் இருந்தார்கள், சில ஓவியங்களில் அவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத் தன் வீட்டையும் அப்படி ஆக்க விரும்பிய தாய்க்குப் பணிப்பெண் இருந்தாரா என்பதைப் படம் கேட்பதில்லை. கைபேசியில் பிறர் வீட்டு வெள்ளைச் சோபாவையும் பிரம்புக் கூடைக்குள் அடங்கிய பொம்மைகளையும் பார்த்து இரவு பத்து மணிக்கு மேல் தரையில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும் இன்றைய தாயிடமும் அது கேட்கப்படுவதில்லை.

படத்தில் வராதவை இன்னும் உண்டு. லார்சன் தம்பதி மாட்ஸ் என்ற மகனைக் கைக்குழந்தையாகவே இழந்தார்கள். மூத்த மகன் உல்ஃப் 1905-இல் பதினெட்டு வயதில் இறந்தான். கார்லை நெடுங்காலம் மனச்சோர்வு வாட்டியது. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1931-இல் வெளியான தன்வரலாற்றில்தான் அவருடைய இருண்ட பக்கம் வெளியுலகுக்குத் தெரிந்தது. துயரத்தை வரையாதது அவருடைய உரிமை. குறை என்பது, அந்த ஓவியங்களைப் பார்த்தவர்கள் அழகான வீடு இருந்தால் மகிழ்ச்சியான குடும்பம் அமையும் என்று முடிவுகட்டிக்கொண்டது. எலன் கே போன்ற சிந்தனையாளர்கள் அந்த நம்பிக்கைக்குத் தத்துவ வலுவும் சேர்த்தார்கள். 1899-இல் அழகு எல்லோருக்கும் உரியது என்றும், மறு ஆண்டே இது குழந்தையின் நூற்றாண்டு என்றும் நூல்கள் எழுதியவர் அவர். ஏழையின் வீட்டுக்கும் அழகு வேண்டும் என்று அவர் சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அழகு ஒழுக்கத்தையும் நிம்மதியையும் தானாகவே கொண்டுவரும் என்பதை ஏற்க முடியவில்லை.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924-இல் எழுந்த ஷ்ரோடர் வீடு சுண்ட்போர்ன் வீட்டுக்கு நேரெதிரான குணம் கொண்டது. கணவரை இழந்த ட்ருஸ் ஷ்ரோடர் தன் மூன்று பிள்ளைகளோடு வாழ, கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்டோடு சேர்ந்து திட்டமிட்டது. சிவப்பு, நீலம், மஞ்சள் பட்டைகளும் சாம்பல், வெள்ளைத் தளங்களுமாக நிற்கும் அதை 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மேல்தளத்தில் நிலையான சுவர்கள் மிகக் குறைவு. நகரும் தடுப்புகளைப் பகலில் ஒதுக்கிவிட்டால் எல்லாம் ஒரே கூடம், இரவில் இழுத்துவிட்டால் தனித்தனி அறைகள். ஒவ்வோர் அறையிலும் தண்ணீர்க் குழாய் வேண்டும், கட்டிலை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் போட வசதி வேண்டும் என்று ட்ருஸ் கேட்டிருந்தார். பெரியவர்கள் பேசும் கலையும் அரசியலும் பிள்ளைகள் காதில் விழ வேண்டும், அவர்களை ஓர் அறைக்குள் ஒதுக்கிவிடக் கூடாது என்பது அவருடைய விருப்பம்.

அம்மாவே திட்டமிட்ட வீடு என்பதால் இங்கே பெண்ணின் பங்கு மறைந்துபோகவில்லை. வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து வடிவம் பிறந்திருக்கிறது. இளைய மகள் ஹான் பின்னாளில் கட்டடக் கலைஞரானார். அந்த வீடு அவருக்குள் எதையோ விதைத்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்திலிருந்த செங்கல் வீடுகளோடு ஒட்டாத அந்த வீட்டில் வாழ்ந்ததற்காகப் பள்ளியில் பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். தடுப்பு மெல்லியது, அம்மாவின் நண்பர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். கேட்க வேண்டும் என்பது அம்மாவின் கொள்கை. கேட்காமல் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை வளரும் பிள்ளைக்கு உண்டா என்பது அந்தத் திட்டத்தில் பின்தங்கிவிட்டது. பெற்றோரின் ரசனை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்குள் குடியிருக்கப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

குழந்தையின் பக்கத்திலிருந்து தொடங்கியவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் 1907 ஜனவரியில் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் திறக்கப்பட்டதற்குக் காரணமே சுவர்கள்தான். பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்துத் திரிந்த பிள்ளைகள் புதுப்பித்த கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட நிறுவனம் கவலைப்பட்டது. அவர்களைக் கவனிக்க வந்த மாண்டிசோரி, பிள்ளைகள் தாங்களே தூக்கி நகர்த்தக்கூடிய சிறிய, எடை குறைந்த மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். இடித்தால் சாயட்டும், சாய்ந்தால் சத்தம் வரட்டும், அதிலிருந்தே பிள்ளை தன் உடம்பை அடக்கி நடக்கக் கற்கும் என்றார். பொருள் கெடுவதை முன்கூட்டியே கணக்கில் வைத்த வடிவமைப்பு அது. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். 1939-இல் அவர் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். தமிழகத்தில் மாண்டிசோரி பள்ளிகள் வேர்விட்டதில் அந்த வருகைக்குப் பங்குண்டு.

இன்று அவருடைய பெயரில் விற்கும் அறை வேறு. தரையை ஒட்டிய கட்டில், தாழ்ந்த அலமாரி, அதில் இடைவெளி விட்டு அடுக்கிய நாலைந்து மரப்பொம்மைகள், எல்லாமே மணல் நிறம். தாழ்ந்த அலமாரியால் நன்மை உண்டு. பிள்ளை யாரையும் கூப்பிடாமல் தானே எடுக்கும், தானே வைக்கும். ஆனால் சேரிக் குழந்தைகளுக்காகப் பிறந்த முறை இப்போது வசதியானவர்களின் அடையாளமாகிவிட்டது. தரையில் பாய் விரித்துப் பிள்ளையோடு படுத்தெழும் வீடுகளில் அந்தக் கட்டிலின் நோக்கம் ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது. அவர்கள் அதற்காகக் கடன் அட்டையைத் தேய்க்க வேண்டியதில்லை.

நார்வேயின் பீட்டர் ஓப்ஸ்விக் 1972-இல் வடிவமைத்த ட்ரிப் ட்ராப் நாற்காலியை என்னால் மனம்விட்டுப் பாராட்ட முடிகிறது. தன் சின்ன மகன் சாப்பாட்டு மேசையில் கால் தொங்க, கை எட்டாமல் தவிப்பதைப் பார்த்து அவர் யோசித்தது. இரண்டு சாய்ந்த மரச்சட்டங்களின் உள்பக்கம் வரிசையாகக் காடிகள். இருக்கைப் பலகையையும் கால்வைக்கும் பலகையையும் பிள்ளை வளர வளரக் கீழே இறக்கிக்கொண்டே போகலாம். கைக்குழந்தைப் பருவம் கடந்தபின் தூக்கி எறிய வேண்டியதில்லை, பெரியவரும் உட்காரலாம். பிள்ளை எல்லோரோடும் ஒரே மேசையில், ஒரே உயரத்தில் சாப்பிடுகிறது. விலை அதிகம் என்பது உண்மையான குறை. ஆனால் தம்பிக்கும் தங்கைக்கும் கைமாறி வரும் பொருளின் விலையை ஆண்டுகளால் வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே ஸ்காண்டிநேவிய எளிமை மலிவாகி உலகம் முழுக்கப் பரவியபோது நடந்ததை இதோடு சேர்த்தே எடைபோட வேண்டும். ஐகியா நிறுவனம் 2016 ஜூனில் அமெரிக்காவில் மால்ம் உள்ளிட்ட இழுப்பறை அலமாரிகள் ஏறத்தாழ 2.9 கோடியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவை சரிந்து விழுந்து சிறு பிள்ளைகள் இறந்திருந்தார்கள். காரணம் எளிமையானது. எடை குறைந்த உடல்; இழுப்பறைகளைத் திறந்ததும் எடை முன்னால் வரும்; திறந்த இழுப்பறைகள் பிள்ளையின் கண்ணுக்குப் படிக்கட்டு. ஏறினால் அலமாரி கவிழும். சுவரோடு திருகிப் பொருத்தினால் விழாது, அதற்கான பட்டை பெட்டிக்குள்ளேயே இருந்தது என்பது நிறுவனத்தின் பதில். அந்த மெலிந்த, துருத்தலில்லாத தோற்றம் சுவரை நம்பி நின்றது. சுவரில் பொருத்தும் கடைசி வேலையோ வாங்கியவர் தலையில் விழுந்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் விடாமல் போராடியதால் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன்படி, திறந்த இழுப்பறையும் ஏறும் பிள்ளையும் சேர்ந்தாலும் அலமாரி நிற்கிறதா என்று சோதித்த பிறகுதான் விற்க முடியும்.

சுண்ட்போர்னில் கரினின் உழைப்பு படத்துக்கு வெளியே நின்றது. இங்கே திருகாணியை முடுக்க வேண்டிய பெற்றோர் விளம்பரப் படத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அழகை ஒருவர் விற்க, அது சரியாக நிற்பதற்கான வேலையை இன்னொருவர் சம்பளமில்லாமல் செய்வது இரண்டிலும் பொது. குழந்தைகள் உள்ள வீட்டின் வடிவமைப்பை நான் எடைபோடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். நிறமும் வடிவமும் அதற்குப் பிறகு.

நம் நகரங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஐகியா 2018-இல் ஹைதராபாத்தில் கடை திறந்தது. அதே வகை இழுப்பறை அலமாரிகளை இணையத்திலும் தெருமுனைக் கடையிலும் பல நிறுவனங்கள் விற்கின்றன. வாங்கும் இளம் குடும்பங்களில் பலரும் வாடகைக் குடித்தனம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர்கள் சொல்லும் முதல் நிபந்தனைகளில் ஒன்று. துளையிட்டால் முன்பணத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் அலமாரி சும்மா சாய்த்து வைக்கப்படுகிறது. அந்த அறையில்தான் இரண்டு வயதுப் பிள்ளை தூங்கி எழுகிறது. பிள்ளை உள்ள வீட்டில் உயர அலமாரிக்கு நாலு துளை போட வீட்டுக்காரர் மறுக்கக் கூடாது. அலமாரியைக் கொண்டுவந்து பூட்டித் தரும் ஆள், அதைச் சுவரில் முடுக்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகக் கூடாது. நிறத்தையும் தவணையையும் விசாரிக்கும் நாம், எல்லா இழுப்பறையையும் திறந்து வைத்தால் இது நிற்குமா என்று கடையிலேயே இழுத்துப் பார்த்துக் கேட்க வேண்டும்.