பேயும் பிதிரும்

இலையுதிர்காலமே இல்லாத கொழும்பின் பெரிய ஹோட்டல்களில், அண்மைக்காலமாக ஒக்டோபர் 31ஆம் திகதி இரவில் ஹலோவீன் விருந்துகள் நடைபெறுகின்றன. எலும்புக்கூட்டு உடையும் பூசணி விளக்கும் போலிக் குருதியும் அவற்றின் அடையாளங்கள். இதனை அந்நியப் பண்பாட்டின் ஊடுருவல் எனக் கண்டிப்போர் உளர். அக்கண்டனம் வரலாற்றை நோக்காதது.

அயர்லாந்தில் அறுவடை முடிவில் நிகழ்ந்த சவின் விழாவும், சகல புனிதர் திருநாளின் முன்னிரவும் கலந்தே ஹலோவீன் உருவாயிற்று. அங்கு கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினர். அமெரிக்கா சென்ற குடியேறிகளின் கையில் கிழங்கு பூசணியாயிற்று. கடல் கடக்கும் விழா மாறுவது இயல்பே. குளூனி மடத்து அதிபர் ஓடிலோ 10ஆம் நூற்றாண்டின் இறுதியை அண்டி வகுத்த, நவம்பர் 2ஆம் திகதிக்குரிய ஆத்துமாக்கள் தினமும் இலங்கைக்குக் கப்பலேறி வந்ததுதான். ஆயினும் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் எவரும் அதனை அந்நியமெனக் கருதுவதில்லை. சேமக்காலையில் புல்லைச் செதுக்கிக் கல்லறையைத் துப்புரவாக்கிப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுவர். குருவானவர் மந்திரித்த நீரைத் தெளிப்பார். அந்நாட்களின் மாலை மழை திரியை அணைத்தால் மீண்டும் ஏற்றுவர். அங்கு அச்சத்துக்கு இடமில்லை; கல்லறைதோறும் பெயர் உண்டு.

வெள்ளவத்தைச் சைவக் குடும்பங்களிலும் இதுவே நிலை. ஆடி அமாவாசை தந்தைக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு. காகத்துக்குச் சோறு வைத்த பின்னரே வீட்டார் உண்பர். இல்வாழ்வான் பேண வேண்டியோருள் வள்ளுவர் தென்புலத்தாரை முதலிலும் தெய்வத்தை அடுத்தும் வைத்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஹலோவீனின் குறை அதன் பிறப்பிடத்தில் இல்லை. ஹோட்டல் மேடையில் தோன்றும் இறந்தோர் எவருக்கும் உறவினர் அல்லர் என்பதே குறை. (பேய்க்கதை கேட்டு நடுங்கும் இன்பம் தமிழருக்கும் பழையதே, அதனைப் பழிப்பதிற் பொருளில்லை.)

ஆயின் பெயரும் உறவும் தெரிந்தும் நாள் தெரியாத இறந்தோர் உளர். 2009இல் முடிந்த போரின்போது காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் எந்நாளிற் படைப்பது? திதி அறியாதார்க்குப் புரட்டாதியின் மாளய அமாவாசையை மரபு வகுத்துள்ளது. திதியை அறியாமை வேறு. இறப்பையே அறியாமை வேறு. படைத்தால் மரணத்தை ஏற்றதாகிவிடும் என்று மறுக்கும் தாய்மார் பலர். தந்தையின் படத்துக்கு விளக்கேற்றும் அதே வீட்டில் மகனின் படம் மாலையின்றித் தொங்குவது இதனாலேயே.