அளவுகோல் யாருடையது? – ஆழிப்பேரலை நிவாரண மதிப்பீடு பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

2004 டிசெம்பர் 26ஆந் திகதி நிகழ்ந்த கடற்கோளின் பின், உலகெங்கணுமிருந்து திரண்ட உதவி எத்துணைப் பயன் விளைத்தது என்பதை, உதவி வழங்கிய நாடுகளும் நிறுவனங்களும் ஒன்றுகூடி ஆராய்ந்து 2006இல் அறிக்கையாக வெளியிட்டன. சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு எனும் பெயரில் வந்த அவ்வறிக்கை நேர்மையானது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பாதிப்புற்ற ஒருவருக்கு 7,100 அமெரிக்க டொலருக்கு மேல் நிதி சேர்ந்தமையையும், அதே ஆண்டு வங்காளதேச வெள்ளத்திற் பாதிப்புற்றவருக்கு 3 டொலரே செலவிடப்பட்டமையையும் அது மறைக்கவில்லை. முதல் நாட்களில் உயிர்காத்தோர் பெரும்பாலும் உள்ளூரவரே என்பதையும் அது கூறிற்று.

ஆயினும், ஒருங்கிணைப்பு, தேவைக் கணிப்பு, உள்ளூர் ஆற்றல் மீதான தாக்கம், நிவாரணத்துக்கும் அபிவிருத்திக்குமிடையிலான தொடர்பு, நிதி என ஐந்து பொருள்களையே அது வகுத்துக்கொண்டது. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது தனிப்பொருளாகவில்லை. இலங்கையைப் பொறுத்தவரை அதுவே தலையாய வினா.

கரையோரத் தடைவலயத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் இது தளர்த்தப்பட்டது உண்மையே. ஆனால், கரைவலைத் தொழிலாளிக்கு வாடியும் வள்ளமும் கண்ணெதிரே இருத்தல் வேண்டும். உள்நிலத்தில் எழுந்த வீடு நிறுவனத்தின் கணக்கேட்டில் ‘கையளிக்கப்பட்ட வீடு’; அவனது தொழிலுக்கோ அது ஓர் இடையூறு. வள்ளங்களின் கதையும் இதுவே. சில கரைகளில் இழந்தவற்றினும் மிகுதியாகச் சிறு வள்ளங்கள் வந்து சேர்ந்தன; கடலுக்கு ஒவ்வாதனவும் அவற்றுள் இருந்தன. சொந்த வள்ளமே இல்லாது கூலிக்கு வலை இழுத்தவன், இழப்புப் பட்டியலில் எந்த வள்ளத்தை எழுதுவான்?

போரினால் இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் நலன்புரி முகாம்களிற் கிடந்தோர், அயலிலே சுனாமி வீடுகள் எழுவதைப் பார்த்திருந்தனர். கடல் துரத்தியவனுக்கு ஒரு நீதி, ஷெல் துரத்தியவனுக்கு வேறொரு நீதி. அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனிற் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பு, ஜூலையில் உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையின் பின் செயற்படாமற் போயிற்று. இதனை ‘ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்னும் சொல்லுள் அடக்கிவிட இயலுமா?

பாதிப்புற்ற மக்களின் முன்னுரிமைகளுக்குத் துணைநிற்றலே நிறுவனங்களின் கடமை என அறிக்கை பரிந்துரைக்கின்றது. அப்பரிந்துரையை ஏற்பின், மதிப்பீட்டின் வினாக்களையும் அம்மக்களே வகுத்திருத்தல் வேண்டும். மருதமுனையிலோ முல்லைத்தீவிலோ உள்ள ஒரு மீனவர் சங்கம் வினாக்கொத்தை வரைந்திருப்பின், கையளித்த வள்ளங்களின் தொகை அதில் எத்தனையாவது வினாவாக இருந்திருக்கும்?