மொய் நோட்டும் ஒப்பந்தப் பட்டியலும்

உசிலம்பட்டிப் பக்கம் மொய் நோட்டைப் பிரித்தால் உறவு தெரியும். கூடவே கடனும் தெரியும். 'செஞ்சவனுக்குத்தானய்யா திருப்பிச் செய்யணும்' என்பார்கள். 2003 டிசம்பர் 5 தேதியிட்டு அமெரிக்கத் துணைப் பாதுகாப்புச் செயலர் பால் வுல்ஃபோவிட்ஸ் கையெழுத்திட்ட குறிப்பையும் நான் முதலில் இப்படித்தான் வாசித்தேன். ஈராக் மறுகட்டுமானத்தில் 1,860 கோடி டாலர் முதன்மை ஒப்பந்தங்களுக்கு 63 நாடுகள் மட்டுமே போட்டியிடலாம். நேட்டோ கூட்டாளிகளான பிரான்சும் ஜெர்மனியும் கனடாவும் வெளியே, ரஷ்யாவும் வெளியே. போருக்கு மொய் செய்யாதவனுக்குப் பந்தியில் இலை இல்லை.

இந்த வாசிப்பில் ஒரு வசதி இருக்கிறது: அதிகாரத்தை உறவுச் சண்டையாக்கிவிடலாம். ஆனால் மொய்யில் இரண்டு வீட்டிலும் நோட்டு உண்டு. இங்கே நோட்டு ஒருவன் கையில். விலக்கலுக்குச் சொன்ன காரணமும் அமெரிக்காவின் 'பாதுகாப்பு நலன்'தான். அதே நாட்களில், ஈராக்கின் பழைய கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி இதே நாடுகளிடம் பேச ஜேம்ஸ் பேக்கர் நியமிக்கப்பட்டார். இலை கிடையாது, ஆனா பாக்கியத் தள்ளிவிட்டுரு!

விலக்கப்பட்டவர்களின் கோபமும் பெரும்பாலும் தங்கள் பங்கைப் பற்றியது. பட்டியலில் ஈராக்கும் இருந்தது என்பதை யோசியுங்கள். வீட்டுக்காரனே விருந்தாளிகளில் ஒருவன்.

பட்டியல் எழுதுபவன் யார் என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ரேகைச் சட்டப் பதிவேட்டை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். அங்கே சேர்த்தல் வன்முறை, இங்கே விலக்கல். பேனா மட்டும் இரண்டு இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பவன் கையில்.